கண்ணாடி கழட்டின வண்டி

கண்ணாடி எங்கேன்னுதானுங்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறாங்க. இஞ்சினப் பத்திக் கேக்கறதில்ல, டயரப் பத்திக் கேக்கறதில்ல. ரெண்டு பக்கமும் கண்ணாடி இல்லையே, வண்டியக் கீழ போட்டீங்களான்னுதான் கேள்வி. ஒருக்கா போட்டேனுங்க, மறைக்க மாட்டேன். ஆனா கண்ணாடி அதுல ஒடையல. நானே ஸ்பேனர் போட்டுக் கழட்டினது. ஜபல்பூர்ல. உள்ள அலமாரியில துணியில சுத்திப் பத்திரமாத்தான் இருக்குது. வண்டியோட சேத்துத் தந்தர்றேன், வெசனப்படாதீங்க.

உக்காருங்க. உடுமலையிலிருந்து இந்தச் சித்திரை வெயில்ல வந்திருக்கீங்க, மோர் கொண்டாரச் சொல்றேன். அம்மிணி, ஒரு சொம்பு மோரு! பதில் வராதுங்க. ஆனா மோர் வரும். நான் நேபாளத்துலயிருந்து வந்த நாள்லயிருந்து எங்கூட்டுல பேச்சுவார்த்தை இப்படித்தான் நடக்குது. நான் பேசுவேன், சாமான் வரும்.

ஏன் விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. நியாயமான கேள்விதான். வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க. கொறையெல்லாம் மனுசங்ககிட்ட. இங்கிருந்து நேபாளம் போயிட்டு வந்த வண்டி இது. சில பேரு பிளேன்ல போயி எறங்கி, அங்க வாடகைக்கு ஒரு வண்டிய எடுத்து நாலு போட்டோ புடிச்சுப் போடறாங்களே, அந்தக் கதையில்ல. இதே வாசல்ல, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டு எடுத்தது. பல்லடத்துல கோழித்தீவனம் விக்கற சென்னியப்பன் இமயமலைக்கே வண்டி ஓட்டிட்டுப் போறான்னு தெருவே வந்து நின்னு பாத்துச்சு. அதெல்லாம் ஒரு காலம். ரெண்டு மாசத்துக்கு முந்தின காலம்.

தனியாத்தான் போயிருக்கோணும். அங்கதான் தப்பு நடந்துபோச்சு. எங்கூட்டுக்காரி, கலாமணி, ஒத்தையா அனுப்ப மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா. போனா என்ற தம்பி கூட வரோணும், இல்லாட்டி சாவியக் குடுக்க மாட்டேன்னுட்டா. தம்பின்னா நாச்சிமுத்து. எனக்கு மாப்ள மொறை, மாப்ளைன்னுதான் கூப்புடுவேன். போர்வெல் லாரியோட மத்தியப் பிரதேசத்துல பல வருசம் கெடந்தவன். இந்தி பேசுவான், வடக்க எந்தச் சந்துல கொண்டுபோயி விட்டாலும் வந்து சேருவான். அவங்கிட்டயும் இதே மாதிரி ஒரு வண்டி இருக்குது, பச்சைக் கலரு. சரி, பேச்சுத் தொணைக்கு ஆகும்னு நானும் ஒத்துக்கிட்டேன்.

பேச்சுத் தொணை. கேட்டுக்குங்க.

அவன் மோசமான ஆளுன்னு நான் சொல்ல வரலீங்க. மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை. நான் உக்காராம உக்கார மாட்டான். நான் ஒரு வாய் எடுத்து வெக்காம தட்டுல கை வெக்க மாட்டான். எனக்கு மூட்டு வலின்னு போற எடத்துலயெல்லாம் கீழ் ரூமாப் பாத்துக் கேப்பான். ராத்திரி என்ற பையையும் சேத்துத் தூக்கீட்டு வருவான். இதெல்லாம் நான் கேட்டனா? கேக்கலீங்க. அவனாச் செய்யறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

கெளம்பறதுக்கு முன்னாலயே ஹெல்மெட்டுக்குள்ள மாட்டிப் பேசற மிசினு ரெண்டு வாங்கீட்டு வந்துட்டான். ஓட்டிக்கிட்டே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கலாமாமா. மொத நாளு நல்லாத்தான் இருந்துச்சு. சேலம் தாண்டற வரைக்கும் ஊர்க்கதையெல்லாம் பேசிக்கிட்டுப் போனோம். அப்பறம் ஆரம்பிச்சானுங்க. மாமா, லெப்டுல லாரி வருது. மாமா, முன்னால மேடு. மாமா, இந்தப் பாலத்துக்குக் கீழ போயிருங்க, மேல போனா ஊருக்குள்ள உட்டுரும். காதுக்குள்ளயே உக்காந்து சொல்றான். முப்பத்தஞ்சு வருசமா வண்டி ஓட்டறேன் நானு. அவன் டவுசர் போட்டுக்கிட்டு எங்கல்யாணத்துல பந்தியில தண்ணி ஊத்தினவன். ரெண்டாவது நாள் கர்நூல்ல அந்த மிசினக் கழட்டிப் பையில போட்டுட்டேன். ஏன் மாமா, சார்ஜ் இல்லையான்னான். காது வலிக்குதுன்னேன். அவனும் கழட்டி வெச்சுட்டான். நாஞ்சொன்னது எனக்குக் காது வலின்னு. இவன் எதுக்குக் கழட்டோணும்?

நாக்பூர் தாண்டி நடந்ததுதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். ஒரு டீக்கடை ஓரம், நம்மள மாதிரியே வண்டியில ஊர் சுத்தற கூட்டம் ஒண்ணு நின்னுக்கிட்டிருக்குது. புனாக்காரங்களாட்ட இருக்குது. நாங்க வர்றதப் பாத்துக் கையெல்லாம் காட்டறாங்க. அந்த நேரம் பாத்து இவன் சர்ருன்னு என்னைத் தாண்டி முன்னால போறானுங்க. போயி, கையக் காட்டி என்னை ஓரங்கட்டச் சொல்றான். அத்தன பேரு பாக்கறாங்க. என்னடான்னா, என்ற பை கட்டின பெல்ட்டு அவுந்து சக்கரத்துகிட்ட ஆடிக்கிட்டிருந்துச்சாமா. இருந்துச்சு, இல்லைன்னு நாஞ்சொல்லலீங்க. சக்கரத்துல சுத்தியிருந்தா ஆளே போயிருக்கும்னு அந்தப் புனாக்காரங்களே சொன்னாங்க. ஆனா சொல்றதுக்கு ஒரு மொறையில்லையா? அக்கா புருசனத் தாண்டிப் போயி, நடுரோட்டுல கையக் காட்டி நிறுத்தறதா? நீங்களே சொல்லுங்க. உங்க மச்சினன் உங்களைப் பண்ணினா எப்படி இருக்கும்?

நான் ஒண்ணும் திட்டலீங்க. ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்குப் பூராவும் பேசவே இல்ல, அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டுலயும் பேசல. படுக்கறதுக்கு முன்னால மட்டும், முன்னால போற ஆசையிருந்தா நாளையிலிருந்து நீயே போப்பா, நான் திரும்பி ஊருக்குப் போயிக்கறேன்னு சொன்னேன். தன்மையாத்தான் சொன்னேன். தப்பாப் போச்சுங்க மாமான்னான். அதோட சரி. அதுக்கப்பறம் ஒருக்காகூட அவன் வண்டி மொனை என்ற வண்டி மொனைக்கு வந்ததில்ல.

பின்னாலயே வந்தானுங்க. ஜபல்பூரு, ரேவா, காசி, கோரக்பூரு, எங்க பாத்தாலும் பின்னாலயே. அவன் வண்டியில மஞ்ச லைட்டு ஒண்ணு மாட்டியிருக்கறான், பனியில தெரியறதுக்கு. பகல்லயும் அணைக்க மாட்டான். கண்ணாடியப் பாத்தா அந்த லைட்டு. வளைவுல திரும்பிப் பாத்தா அந்த லைட்டு. நான் நிறுத்தினா நிப்பான், எடுத்தா எடுப்பான். இம்சைங்க. ஆனா ஒண்ணு, அந்த லைட்டு இருக்கற வரைக்கும் லாரி எதுவும் என் பின்னால வந்து மோதாதுன்னு ஒரு தெம்பு இருந்துச்சு. அதையும் சொல்லோணுமில்ல.

மோர் வந்துருச்சு, எடுத்துக்குங்க. பாத்தீங்களா, உங்களுக்கு உப்பு, கறிவேப்பிலையெல்லாம் போட்டு வந்திருக்குது. எனக்கு வெறும் மோரு.

எல்லை தாண்டினதும் நேபாளம் வேற மாதிரிங்க. வண்டிக்கு அங்க ஒரு சீட்டு வாங்கோணும், எத்தன நாளைக்குன்னு தேதி போட்டுக் குடுப்பாங்க. அவன்தான் வரிசையில நின்னு வாங்கிக் குடுத்தான். பொகரா வரைக்கும் ஒரு கொறையில்ல. காலையில ரூமுக் கதவத் தொறந்தா எதுக்க வெள்ளைவெளேர்னு மலை நிக்குது. நான் அப்படியே உக்காந்துட்டேன். இவன் டீயக் கொண்டாந்து கையில குடுத்துட்டு, அவனும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தான். அக்காவக் கூட்டியாந்திருக்கலாம் மாமான்னான். கூட்டியாரலாம், அடுத்த வருசம்னேன். அன்னிக்கு நல்லாத்தானுங்க இருந்தோம்.

நாங்க போறது முக்திநாத்துக்கு. பெருமாள் கோயில். எங்க ஊட்டுல சனிக்கிழமை விரதம் உடாம இருக்கறவ. மதுமிதா, எங்க பொண்ணு, அவளுக்கு வைகாசியில கல்யாணம். முக்திநாத்துத் தீர்த்தம் ஒரு பாட்டில் கொண்டாந்து மூர்த்தக் கலசத்துல ஊத்தோணும்னு கலாமணிக்கு ஆசை. இத்தன வருசத்துல எங்கிட்டக் கேட்ட ஒரே பொருளு அதுதான். அதுக்குன்னே செம்புல மூடி போட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தா. பையில அடியில துணி சுத்தி வெச்சிருந்தேன்.

பேனின்னு ஒரு ஊருங்க. அங்கிருந்து மலையேத்தம். பொகராவுல லாட்ஜ்க்காரன் சொல்லியிருந்தான், பேனியிலிருந்து ஆத்த ஒட்டியே போங்க, வழி தப்பாதுன்னு. நானும் ஆத்த ஒட்டியே போனேன். இப்ப எல்லாரும் எம்மேல பழியப் போடறாங்களே, நான் கேக்கறேன், லாட்ஜ்க்காரன் சொன்ன மாதிரித்தானே போனேன்? அந்த ஊருல ரெண்டு ஆறு வந்து சேருதுன்னு எவனுமே சொல்லல. நான் இடதுபக்கம் இருந்த ஆத்தப் புடிச்சுட்டேன். ரோடும் இருந்துச்சு, ஆறும் இருந்துச்சு, மலையும் இருந்துச்சு. என்ன சந்தேகம் வரும் ஒரு மனுசனுக்கு?

போகப் போக ரோடு மோசமாகுது. தார் போயி மண்ணு, மண்ணு போயிக் கல்லு. பஸ்ஸெல்லாம் கொறைஞ்சு போச்சு. இவன் பின்னால ஒருக்கா ஹாரன் அடிச்சான். டீ குடிக்கக் கூப்புடறான்னு நெனச்சேன். மறுக்கா அடிச்சான். சும்மா லொள்ளுக்கு அடிக்கறான்னு நெனச்சேன். மூணாவதா நீட்டி ஒண்ணு அடிச்சான். எனக்குக் கோவம் வந்துருச்சு. ஆக்சிலேட்டரக் கூட்டிட்டேன். அதுக்கப்பறம் அவன் அடிக்கவே இல்ல.

கேளுங்க, அவன் கைப்பிடி மேலயே போன் மாட்டி வெச்சிருக்கறான், அதுல மேப்பு ஓடிக்கிட்டிருக்குது. பேனி தாண்டின நிமிசத்துலயிருந்து அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே வர்றான். அரை நாளு எம்பின்னாலயே வர்றான். தப்பான வழியில, தப்பான மலையில, தப்பான ஆத்தோரம், மஞ்ச லைட்டப் போட்டுக்கிட்டு.

ஒரு ஓடை குறுக்க ஓடுச்சு. உருண்டைக் கல்லு, மேல பாசி. எறக்கினேன், நடுவுல போயி வண்டி சாஞ்சுருச்சு. நானும் தண்ணியில. எலும்பு முறியறளவுக்கு ஒண்ணுமில்ல, கணுக்கால் பெரண்டுருச்சு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அவன் வண்டியப் போட்டுட்டு ஓடியாந்துட்டான். என்னைத் தூக்கி ஒரு பாறை மேல உக்கார வெச்சான். பூட்ஸக் கழட்டித் தண்ணிய ஊத்தினான். வண்டியையும் அவனே நிமித்தினான். அப்பறந்தான் அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கிட்டு ஒரு ஆளு வந்தான். முக்திநாத்து இன்னும் எவ்வளவு தூரம்னு நான் கேக்க, இவன் இந்தியில கேட்டான். அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே நாங்க வந்த பக்கம் கையக் காட்டறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? திரும்பிப் பாத்தேன். இவன் தரையப் பாத்துக்கிட்டு நிக்கறான். அந்த நிப்பப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உனக்குத் தெரியுமாடான்னேன். தெரியுமுங்க மாமான்னான். தெரிஞ்சும் ஏண்டா சொல்லலைன்னேன். அப்பச் சொன்னானுங்க ஒரு பதிலு.

"முன்னால நீங்க போறீங்க மாமா. வழி தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

இதென்னங்க பதிலு? வாயில்லையா? மிசின் இல்லையா? சரி, மிசின் பையில கெடக்குது. தாண்டி வந்து நிறுத்தியிருக்கலாமில்ல? எல்லாரும் சொல்றாங்க, நீங்கதானே தாண்ட வேண்டாம்னீங்கன்னு. நான் எப்பச் சொன்னேன் தாண்ட வேண்டாம்னு? பேசாம இருந்தேன், அவ்வளவுதானே. பேசாம இருக்கறதுக்கு ஒரு அர்த்தத்த அவனாக் கற்பன பண்ணிக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு?

எனக்கு வந்த ஆத்தரத்துல கத்தீட்டேன். தெரிஞ்சே என்னைக் கோமாளியாக்கிட்டேன்னேன். இனிமே எம்பின்னால வராதேன்னேன். அவன் என்ற பூட்ஸ எடுத்தாந்து பக்கத்துல வெச்சான். அப்பறம், "சரிங்க மாமா"ன்னான். அவ்வளவுதான்.

பேனிக்கு வந்து ராத்திரி தங்கினோம். காலுக்கு எண்ணெய் காச்சி ஒரு கிண்ணத்துல என்ற கதவுக்கு வெளிய வெச்சிருந்தான். காலையில வந்து, இப்பக் கெளம்பினா சாயங்காலம் முக்திநாத்து போயிரலாம் மாமா, சீட்டுல நாள் இருக்குதுன்னான். ஒரு பகல் தூரங்க. இங்கிருந்து இமயமலை வரைக்கும் போயிட்டு, ஒரு பகல் தூரத்துல இருக்குது கோயிலு. நான் சொன்னேன், எனக்குக் கோயிலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நான் ஊருக்குப் போறேன். திருப்பிட்டேன் வண்டிய. அவனால எனக்கு முக்திநாத்து போச்சு. செம்பு காலியா வந்துச்சு. பொண்ணு கல்யாணத்துக்குத் தீர்த்தம் இல்லாமப் பண்ணீட்டான். அதத்தான் நான் வந்ததும் இவகிட்டச் சொன்னேன். அன்னிக்கு மூடினவதானுங்க வாய.

திரும்பி வந்த கதைய மட்டும் யாரும் கேக்கறதில்ல. தனியாளா வந்தேன். சொன்ன சொல்லக் காப்பாத்தீட்டான், பின்னால வரல. கண்ணாடியப் பாக்கறேன், ரோடு மட்டும் இருக்குது. லாரி வருது, காரு வருது, போகுது. மஞ்சளா எதாச்சும் தெரிஞ்சா மனசு ஒரு துள்ளு துள்ளும், பாத்தா ஆட்டோவா இருக்கும். எத்தன வாட்டி பாக்கறது? பாத்துப் பாத்துக் கழுத்து வலிதான் மிச்சம். ஜபல்பூர்ல ஒரு பங்க்ல நிறுத்தி, ஸ்பேனர எடுத்து ரெண்டையும் கழட்டிட்டேன். போலீஸ்காரன் புடிச்சான், அதுக்கும் அபராதம் அழுதேன். ஆனா நிம்மதியா இருந்துச்சு. பாக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னா பாக்கத் தேவையில்ல பாருங்க.

இதுல ஒரு விசயம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. வழியில எங்க நின்னாலும் இவளுக்குத் தெரிஞ்சுபோகுது. அப்பெல்லாம் போன்லயாச்சும் பேசிக்கிட்டிருந்தா. நாக்பூர்ல ரூம் எடுத்து உக்காந்தா போன் வருது, என்னங்க நாக்பூர் வந்துட்டீங்களாட்ட இருக்குது, நொண்டாம நடக்கறீங்களாமான்னு. நான் சொல்லவே இல்லீங்க. ஆதிலாபாத்துல மழையில மாட்டிக்கிட்டு ஒரு கடையோரம் நிக்கறேன், உள்ளயிருந்து ஒருத்தன் டீயும் பன்னும் கொண்டாந்து குடுக்கறான், காசு வாங்க மாட்டேங்கறான். நல்ல மனுசங்க இருக்கற ஊருன்னு நெனச்சுக்கிட்டேன். ஐதராபாத்துகிட்ட ஒரு நாமக்கல் லாரி டிரைவர் பேச்சுக் குடுத்தான். அண்ணா, பின்னால ஒரு பச்சை வண்டி அண்ணன் வர்றாரே, அவரும் பல்லடம்தான்னாரு, ரெண்டு பேரும் ஏன் தனித்தனியா டீ குடிக்கறீங்கன்னான். பல்லடத்துல பச்சை வண்டி ஆயிரம் இருக்கும்னு சொல்லீட்டு எடுத்துட்டேன். திரும்பிப் பாக்கலீங்க. கண்ணாடியும் இல்ல. எனக்கென்ன தெரியும்?

சரி, வண்டிக்கு வருவோம். வண்டிய இவதான் வித்துருங்கன்னு... இல்ல, இவ எங்க சொன்னா, இவதான் பேசறதே இல்லையே. நானே முடிவு பண்ணினது. எடுத்து ஓட்டோணும்னே தோண மாட்டேங்குது. நாலு தெரு போயிட்டு வந்தர்றேன். அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?

அந்த ஜன்னல் வழியா உள்ள பாருங்க. கட்டுக் கட்டா இருக்குதே, அதெல்லாம் கல்யாணப் பத்திரிகை. ஒண்ணுகூடக் குடுக்கல. எங்க பக்கத்துல குலதெய்வத்துக்கு வெச்சதும் அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்கு. புருசனும் பொண்டாட்டியும் சேந்து போகோணும், தட்டத்துல வெத்தலபாக்கு வெச்சு, பத்திரிகைய வெச்சுக் கூப்புடோணும். அதுக்கப்பறந்தான் ஒறம்பரை சொந்தம், ஊரு எல்லாம். மாமன் வந்து நெத்தியில பட்டம் கட்டாம எங்க புள்ள மணவறையில உக்கார முடியாது. இவ தட்டத்தத் தொடச்சுத் தொடச்சு வெக்கறா. வெத்தல வாடுனா மாத்தறா. வாங்க போலாம்னு ஒரு வார்த்தை கூப்புட மாட்டேங்கறா. நானாச் சொல்லோணுமாமா. பொண்ணு ஒரு நாளு அழுதுச்சு, அப்பத்தான் இவ வாயத் தொறந்தா.

"தீர்த்தம் இல்லாமக் கல்யாணம் நடக்கும். என்ற தம்பி இல்லாம நடக்காது."

நடக்காதுன்னு நானும்தான் சொல்றேன். நான் என்ன வர வேண்டாம்னா சொன்னேன்? அவன் வந்து, மாமா தப்பாப் போச்சுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சின்னவன்தானே வரோணும்? வர மாட்டேங்கறான். எங்க ஊட்டு வாசப்படி மிதிக்கறதில்ல. ஏன் மாமான்னு எம்பொண்ணு போன் பண்ணிக் கேட்டதுக்கு, மாமா என்னைப் பின்னால வர வேண்டாம்னு சொல்லியிருக்கறாரு கண்ணு, அவரே கூப்புடாம எப்படி வர்றதுன்னானாமா. பாத்தீங்களா அழும்ப? ஒரு வார்த்தைக்கு எத்தன நாளு தொங்கறது? கோவத்துல ஆயிரம் சொல்லுவோம், அதையெல்லாமா ஒரு மனுசன் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுத் திரிவான்?

மனசே ஆறலீங்க. சத்தியமாச் சொல்றேன், ராத்திரியில தூக்கம் வரல. கல்யாணத் தேதி நெருங்கி வந்துக்கிட்டேயிருக்குது.

ஆமா, நீங்க இந்தச் சந்துக்குள்ள எப்படி வழி கண்டுபுடிச்சீங்க? வர்றவங்கெல்லாம் ரெண்டு தடவ போன் பண்ணுவாங்க. நீங்க பண்ணவே இல்லையே. பேக்கரியில கேட்டீங்களா? மொனையில இருக்கற பேக்கரியிலயா? யாரு சொன்னது, கடைக்காரரா? டீ குடிச்சுக்கிட்டிருந்த ஒருத்தரா? எப்படி இருந்தாரு? ஒசரமா, மீசை நரைச்சு? பக்கத்துல பச்சை வண்டி நின்னுச்சா?

ம்.

தெனமும் சாயங்காலம் வந்து உக்காந்துக்கறானுங்க. அவன் ஊடு பொள்ளாச்சி ரோட்டுல இருக்குது, அங்க பேக்கரியே இல்லாத மாதிரி இங்க வந்துதான் டீ குடிக்கறான். மாடியில நின்னா எனக்குத் தெரியும். நான் துணி காயப் போடப் போவேன் மாடிக்கு, அதுக்காகச் சொல்றேன். என்ன சொன்னான் உங்ககிட்ட? வண்டிய வாங்காதீங்கன்னானா? அதுவும் சொல்லலையா? என்னது? வாங்கறதுக்கு முன்னால அவரையே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கன்னானா? அவரு ஓட்டினாத்தான் வண்டியோட அருமை தெரியும்னானா? அவனா சொன்னான், அந்த வார்த்தைய? வேற ஒண்ணும் சொல்லலையா?

எதுக்கு அப்படிச் சொன்னான்? என்ன கணக்குன்னு எனக்குப் புரியலீங்க. சரி, ஓட்டிக் காட்டாம எப்படி விக்கறது, வாங்கறவங்க உரிமை அது. எந்திரிங்க. நாலு தெரு சுத்தீட்டு வந்தர்லாம். பின்னால உக்காந்து பாருங்க, குலுங்குதா பாருங்க.

அட, ஹெல்மெட்டக் கொண்டாந்து நீட்டறா பாருங்க. கூப்புடவே இல்ல நானு. எந்த மோர் குடிச்சுட்டு இப்படி மாறினாளோ. குடு, குடு.

கால மேல வெச்சுக்கிட்டீங்களா? கெட்டியாப் புடிச்சுக்குங்க, கொஞ்சம் இழுக்கும். சத்தத்தக் கேளுங்க, எப்படி இருக்குது? ரெண்டு வாரமா எடுக்காத வண்டின்னு சொல்ல முடியுமா?

இதாங்க அந்தப் பேக்கரி வருது. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன், நேராப் பாத்துத்தான் ஓட்டுவேன். நீங்க வேணும்னா பாத்துக்குங்க. இருக்கறானா? நிமிந்து பாக்கறானா? டீய வெச்சுட்டானா? பாதியிலயா? காசு குடுத்தானா இல்ல அப்படியேவா?

பின்னால திரும்பிப் பாருங்க. கண்ணாடி இல்லையே, உங்களத்தான் கேக்கோணும். வர்றானா? எவ்வளவு தூரத்துல? மஞ்ச லைட்டு போட்டிருக்கறானா? இந்த வெயில்லயா! அவன் அப்படித்தானுங்க, அணைக்கவே மாட்டான். வரட்டும், ரோடு என்ன எங்கப்பன் ரோடா. வரட்டும். விட்டுட்டுப் போகாத மாதிரி கொஞ்சம் மெதுவாவே போறேன், வண்டி மெதுவாப் போனாலும் எப்படியிருக்குதுன்னு நீங்களும் பாக்கோணுமில்ல.

இன்னும் வர்றானா? ஒருக்காக்கூடத் தாண்டப் பாக்கலையா? பாக்க மாட்டான்.

இந்த ரவுண்டானாவுல சுத்தினா நம்ம ஊட்டுக்கே திரும்பீரலாம். அந்தப் பக்கம் போறது பொள்ளாச்சி ரோடு. அவன் ஊட்டுக்குப் போற ரோடு. சித்த நிறுத்தறேன், இருங்க. அவனும் நின்னுட்டானா? அதான், நான் நின்னா அவன் நிப்பான். ராத்திரி வரைக்கும் நின்னாலும் நிப்பான்.

ஏனுங்க, ஒரு உதவி. கையக் காட்டி அவன முன்னால போகச் சொல்லுங்க. நான் காட்ட மாட்டேன், நீங்க காட்டுங்க. வழியெல்லாம் எனக்குத் தெரியும். பொண்ணெடுத்த ஊட்டுக்கு எனக்கு வழி தெரியாதா? பத்திரிகையெல்லாம் நாளைக்கு இவளோட வந்து மொறையா வெச்சுக்கலாம், இன்னிக்குச் சும்மா ஒரு வாய் டீ குடிக்கத்தான். காட்டுனீங்களா? வர மாட்டேங்கறானா? தலைய ஆட்டறானா?

மாமா சொன்னாருன்னு சொல்லுங்க. அப்பத்தான் போவான்.